பழைய ஆங்கில இரட்டைக் குழல் துப்பாக்கி: ஆராய்ந்து வாங்கும் முறை

பழைய நாற்காலியின் கால் முறிந்தால் அமர்ந்தவர் விழுவார், அவ்வளவே. பழைய துப்பாக்கியின் நிலை அத்தகையதன்று. சுடுபவரின் இடக்கை குழலைத் தாங்கி நிற்கிறது. கன்னம் கட்டையில் பதிந்திருக்கிறது. அந்நிலையில் குழல் வெடித்தால் விரல்களும் கண்ணும் பறிபோகலாம். ஆதலின் பழைய துப்பாக்கியை வாங்குவோர் அழகைப் பின்னரும் வலிமையை முன்னரும் பார்த்தல் வேண்டும்.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, இரு குழல்களும் பக்கத்தில் பக்கமாக அமைந்த வேட்டைத் துப்பாக்கிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. இன்று அந்நாட்டில் குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த துப்பாக்கியையே பலர் விரும்புகின்றனர். அதனால் பழைய பக்கக் குழல் துப்பாக்கிகளில் பல, ஏலங்களில் சில நூறு பவுனுக்கே கிடைக்கின்றன. புகழ்பெற்ற இலண்டன் தொழிலகத்தில் அவ்வகையைப் புதிதாகச் செய்விக்க இலட்சம் பவுனுக்கு மேல் ஆகும். இவ்வேறுபாடே வாங்குவோரை ஈர்க்கிறது, ஏமாற்றுவதும் இதுவே.

பெயரும் அமைப்பும்

இத்துப்பாக்கிகள் பூட்டின் அமைப்பால் இருவகைப்படும். சுடும் பொறி இருபுறத் தகடுகளில் பொருத்தப்பட்டிருப்பது பக்கப்பூட்டு. பொறி முழுவதும் நடு இரும்புப் பெட்டிக்குள் அடங்கியிருப்பது பெட்டிப்பூட்டு. பின்னதை 1875இல் பர்மிங்காம் நகரின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிலகத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்னும் இருவர் காப்புரிமை பெற்று வெளியிட்டனர். உறுப்புகள் குறைவு, உறுதி மிகுதி. பக்கப்பூட்டுக்கே மதிப்பு அதிகம் என்றாலும், தேய்ந்துபோன பக்கப்பூட்டைவிடச் செவ்வையான பெட்டிப்பூட்டு பன்மடங்கு மேலானது.

துப்பாக்கியின்மேல் பொறித்துள்ள பெயரை மட்டும் நம்புதல் கூடாது. சிற்றூர்க் கடைக்காரர் பலர் பர்மிங்காமில் செய்வித்த துப்பாக்கிமேல் தம் பெயரைப் பொறித்து விற்றனர். அது குற்றமன்று, வழக்கமே. ஆனால் பெருந்தொழிலகத்தின் பெயர் இருப்பின், வரிசை எண்ணை அத்தொழிலகத்தின் பழைய ஏடுகளோடு ஒப்பிடுதல் நலம். செய்த ஆண்டும், முதலில் இருந்த குழலின் நீளமும் பெரும்பாலும் அவற்றில் காணப்படும். இன்றைய குழலின் நீளம் அதனின் குறைந்திருப்பின், பிற்காலத்தில் வெட்டப்பட்டது என்பது தெளிவு.

முத்திரைகள் கூறும் வரலாறு

1637இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துப்பாக்கிசெய்வோர் சங்கமும், 1813இல் சட்டத்தின்வழி அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையும் குழல்களைச் சோதித்து முத்திரையிட்டு வந்துள்ளன. வழக்கமான தோட்டாவினும் மிகுந்த அழுத்தமுடைய தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பதே அச்சோதனை. குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத் தட்டைப் பகுதியை நோக்கினால் முத்திரைகளைக் காணலாம். என்.பி. என்னும் எழுத்துகள் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். அவை இல்லாத பழந்துப்பாக்கி, புகை மிகுந்த கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவை இடுதல் பெருந்தவறு.

பன்னிரண்டு என்னும் அளவுப்பெயரின் பொருளையும் அறிதல் வேண்டும். ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்றின் குறுக்களவே அக்குழலின் உள்விட்டம், அது 0.729 அங்குலம். அடிமுனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே அதனை அளப்பர். முத்திரையில் உள்ள அளவினும் இன்றைய அளவு 0.010 அங்குலம் மிகுந்துவிட்டால், 1954ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழல் சோதனைத் தகுதியை இழக்கும். அத்தகைய துப்பாக்கியை விற்பது 1868ஆம் ஆண்டுக் குழற்சோதனைச் சட்டப்படி குற்றம்.

பளபளப்பின் மறுபக்கம்

குழல் ஏன் அகலுகிறது? பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த குளோரேட்டு, சுட்டபின் உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும், துரு பிடிக்கும், உட்சுவரில் குழிகள் விழும். குழிகளைப் போக்க உட்புறத்தைத் தேய்த்து மெருகிடுவர். ஒவ்வொரு மெருகும் சிறிது இரும்பைக் கொண்டுபோகிறது. எனவே கண்ணாடிபோல் மின்னும் குழல், சிறு குழிகளுள்ள குழலைவிட மெலிந்ததாக இருத்தல் கூடும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது இங்கு எழுத்துக்கெழுத்து உண்மை.

உள்விட்டம் சரியாக இருப்பதும் போதாது. வெளிப்புறக் கீறலைப் போக்க அரத்தால் தேய்த்திருந்தால், உள்ளளவு மாறாமலே சுவர் மெலியும். ஆதலின் சுவரின் கனத்தைத் தனிக் கருவியால் நீளம் முழுதும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. 0.020 அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாமென ஒதுக்குவதே தொழில்துறை வழக்கம்.

கையால் செய்யத்தக்க சோதனைகளும் உண்டு. குழலை மட்டும் கழற்றி, அடிக்கொளுவியில் தொங்கவிட்டு, விரற்கணுவால் தட்டுக. மணியோசைபோல் நீண்டு ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டைகள் உறுதியாக உள்ளன. கரகரத்த ஓசை எழுந்தால் பற்றுவைப்பு விட்டிருக்கிறது. பின்னர்க் குழலை ஒளியை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்க; நிழல்வளையங்கள் வட்டம் குலைந்து தோன்றுமிடத்தில் நெளிவு இருக்கும். அடிமுனைக்குச் சில அங்குலம் முன்னே மெல்லிய கோடு சுற்றிச் சென்றால், பழைய அடிப்பகுதியில் புதுக்குழல் செருகப்பட்டிருக்கிறது என்க. அது பாதுகாப்பானதே; ஆனால் விலை வெகுவாகக் குறைதல் வேண்டும்.

தோட்டா அறையும் இணைப்பும்

பழைய 12 அளவுத் துப்பாக்கிகளுட் பெரும்பாலானவற்றின் தோட்டா அறை 2½ அங்குலம். இன்று பரவலாக விற்கும் 70 மில்லிமீட்டர்த் தோட்டா அதற்கு உரியதன்று. தோட்டா உள்ளே புகும், மூடியும் மூடும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். 65 மில்லிமீட்டர்த் தோட்டா இன்றும் கிடைக்கிறது, அதையே வாங்குக.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை மெல்ல அசைத்தால் குழல் ஆடுதல் கூடாது. ஆடினால் கீல் தேய்ந்துள்ளது. தேர்ந்த தொழிலாளி அதைச் சீர்செய்வார். கூலியை விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். கட்டையின் கழுத்திலும் பூட்டுக்குப் பின்னும் விரிசல் உண்டா என நோக்குக. துப்பாக்கி உடலுக்குப் பொருந்துதலும் முக்கியம். கட்டையின் நீளமும் வளைவும் ஒவ்வாத துப்பாக்கி எத்தனை உயர்ந்ததாயினும் குறி தவறும்.

எடையையும் பார்க்க. துப்பாக்கி, தோட்டாவில் உள்ள ரவைபோல் 96 மடங்கு எடை உடையதாக இருத்தல் நன்று என்பது கிரீனர் என்னும் தொழிலறிஞர் கூறிய கணக்கு. 1 1/16 அவுன்சு ரவைக்கு 102 அவுன்சு, அதாவது 6 ராத்தல் 6 அவுன்சு. இதனினும் மிக இலேசானது தோளை உதைக்கும்.

சட்டமும் செலவும்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவல்துறையின் சான்றிதழ் பெற்ற பின்னரே இத்துப்பாக்கியை வாங்க முடியும். அச்சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும். விற்பவர் அதில் விவரம் பதிவார். கைமாறிய ஏழு நாட்களுக்குள் காவல்துறைக்கும் அறிவிக்கவேண்டும். மேலும், ஈயத் தோட்டாக்களைப் படிப்படியாக விலக்கப் போவதாகப் பிரிட்டிஷ் அரசு 2025இல் அறிவித்தது. கடினமான எஃகு ரவை பழைய மென்குழல்களுக்கு ஊறு செய்யக்கூடும். பிசுமத்து ரவை ஏற்றது, ஆனால் விலை மிகுந்தது. இச்செலவையும் எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

ஐயம் நீங்காவிடின், சோதனைச் சாலையில் மறுசோதனை தேறினால் மட்டுமே விலை தருவதென விற்பவரோடு முன்னரே பேசிக்கொள்ளலாம். அதற்கு அவர் இசையாவிடின், அம்மறுப்பே போதிய விடையாகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். குழலின் கனம் தெரியாமல் கன்னத்தைப் பதிக்காமலிருப்பதும் அத்தகைய அறிவே.