உயிரிழந்த வீரரின் மனைவி ராணுவ அதிகாரி ஆவது எப்படி? 2 இடங்களும் 49 வாரப் பயிற்சியும்

பெங்களூரு: பீன்யா தொழிற்பேட்டையை அடுத்துள்ள ஜாலஹள்ளியில் விமானப்படைத் தளமும் படையினரின் குடியிருப்புகளும் உள்ளன. இடமாறுதல் ஆணை வந்தால் வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளைப் புதிய பள்ளியில் சேர்ப்பது, எல்லைப் பணிக்குச் சென்ற கணவரின் அழைப்புக்காகக் காத்திருப்பது என இத்தகைய குடியிருப்புகளில் வாழும் பெண்கள் படை வாழ்க்கையின் ஒரு பாதியை நன்கு அறிந்தவர்கள். சீருடை அணிந்தவரின் மறுபாதியை அவர்கள் நேரில் அறியும் வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் முகாம்களில் இதற்கென ஒரு நாள் ஒதுக்கும் வழக்கம் உண்டு. நடிகர் ஜான் வெய்னின் பெயரைத் தழுவி 'ஜேன் வெய்ன் நாள்' என்று அதை அழைக்கின்றனர். அன்றைய தினம் வீரர்களின் மனைவியர் தலைக்கவசம் அணிந்து, தடைகளைத் தாண்டி, துப்பாக்கி சுட்டு, கள உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்பர். மாலையில் வீடு திரும்பிவிடுவர்.

இந்தியாவில் படைவீரரின் மனைவிக்கு அந்த வாழ்க்கை முழுமையாகத் திறக்கும் வழி ஒன்று உண்டு. ஆனால், கணவர் பணியில் இருக்கும்போது உயிரிழந்த பின்னரே அது திறக்கிறது. 'வீர நாரி' என்று ராணுவம் குறிப்பிடும் இப்பெண்கள், குறுகிய காலப் பணி அதிகாரிகளாகச் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரலாம்.

விதிகள் கூறுவது என்ன?

குறுகிய காலப் பணிக்கான பெண்கள் பிரிவில், பொதுவாக விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். பணியில் இருக்கும் வீரரின் மனைவி, எவ்வளவு தகுதி பெற்றிருந்தாலும், இதற்கு விண்ணப்பிக்க இயலாது. படைக் குடும்பங்களுக்கு வெளியே உள்ள பலர் அறியாத செய்தி இது.

பணியின்போது உயிரிழந்தவரின் மனைவிக்கு மட்டும் தனி ஒதுக்கீடு உள்ளது. பொறியியல் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்பப் பிரிவில் ஓர் இடம், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றோருக்கான தொழில்நுட்பம் சாராத பிரிவில் ஓர் இடம் என, ஒவ்வொரு அறிவிக்கையிலும் வழக்கமாக 2 இடங்களே இடம்பெறுகின்றன. நாடு முழுவதற்குமான எண்ணிக்கை இது.

மற்ற விண்ணப்பதாரர்களுக்குத் தொழில்நுட்பப் பிரிவில் உச்ச வயது 27. வீர நாரியருக்கு அது 35. குழந்தைகள் இருப்பது தடையாகாது. மறுமணம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வும் இவர்களுக்குக் கிடையாது.

சலுகைகள் அத்துடன் முடிகின்றன. நேர்முகத் தேர்விலோ, மருத்துவப் பரிசோதனையிலோ, பயிற்சித் திடலிலோ தனி அளவுகோல் எதுவும் இல்லை.

பெங்களூரில் ஐந்து நாள்கள்

அதிகாரி ஆக விரும்பும் அனைவரும் கடக்க வேண்டிய முதல் பெருந்தடை, எஸ்எஸ்பி எனப்படும் பணித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வு. பெங்களூரு, பிரயாக்ராஜ், போபால், ஜலந்தர் ஆகிய நகரங்களில் ராணுவத்தின் தேர்வு மையங்கள் உள்ளன.

முதல் நாளில் நுண்ணறிவுத் தேர்வும், மங்கலான ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி, அதைக் குழுவாக விவாதிக்கும் தேர்வும் நடைபெறும். இதில் தகுதி பெறாதோர் அன்றே திருப்பி அனுப்பப்படுவர். அடுத்து வருவது உளவியல் தேர்வு. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக 60 சொற்கள் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடிகளுக்குள் மனதில் எழுவதை வாக்கியமாக எழுத வேண்டும். தம்மைப் பற்றிப் பெற்றோரும் நண்பர்களும் என்ன நினைக்கின்றனர் என்றும் எழுத வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே வரும் இளம்பெண்ணுக்கு இது ஒரு வினா; கணவரை இழந்து ஓராண்டோ ஈராண்டோ ஆன ஒருவருக்கு அது முற்றிலும் வேறு வினா. விடைகளைக் கொண்டு அவரது மனநிலையை எடைபோடும் உளவியலாளர், அனுதாபத்துக்கு மதிப்பெண் தருவதில்லை.

பின்னர் இரண்டு நாள்கள் குழுப் பணிகளும் தடை தாண்டுதலும் நடைபெறும். உளவியல் தேர்வுக்குப் பின் ஏதேனும் ஒரு நாளில் தனி நேர்காணல் இருக்கும். ஐந்தாம் நாளில் தேர்வாளர்கள் அனைவரும் அமர்ந்து முடிவெடுப்பர்.

பரங்கிமலையில் 49 வாரங்கள்

இப்பயிற்சி அகாடமி 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெண்கள் 1992 முதல் இங்குப் பயிற்சி பெறுகின்றனர். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் இங்கிருந்து 2006-இல் அதிகாரியானவரே.

பயிற்சிக் காலம் 49 வாரங்கள். பெண் பயிற்சியாளர் 2.4 கிலோ மீட்டர் தொலைவை 13 நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். விடியலுக்கு முன் தொடங்கும் உடற்பயிற்சி, ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு, முதுகில் சுமையுடன் நெடுந்தூர நடை, இரவு நேரக் களப் பயிற்சி என நாள்கள் நகரும். பயிற்சிக் காலத்தில் மாதம் ரூ.56,100 உதவித்தொகை வழங்கப்படுகிறது. தாயாக இருப்பவர்கள் பிள்ளைகளை உறவினரிடமோ விடுதியிலோ விட்டு வரவேண்டியிருக்கும். ஓட்டத்தைவிட இதுவே கடினமான பகுதியாக இருக்கக்கூடும்.

காஷ்மீரின் குப்வாராவில் 2015 நவம்பரில் வீரமரணம் அடைந்த கர்னல் சந்தோஷ் மஹாதிக்கின் மனைவி சுவாதி மஹாதிக், இரு குழந்தைகளின் தாய். வயது வரம்பைக் கடந்திருந்த அவருக்குப் பாதுகாப்பு அமைச்சகம் சிறப்பு விலக்கு அளித்தது. 2017 செப்டம்பர் 9-ஆம் தேதி அவர் லெப்டினன்ட் ஆனார். அதே அணிவகுப்பில் அதிகாரியான நிதி துபேயின் கணவர் முகேஷ் துபே, நாயக் நிலை வீரர். 2009-இல் மாரடைப்பால் உயிரிழந்தவர். போர்க்களத்தில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு மட்டுமே இந்த வழி என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியன்று என்பதற்கு நிதி துபே சான்று.

புல்வாமாவில் 2019 பிப்ரவரி 18-ஆம் தேதி நடந்த மோதலில் மேஜர் விபூதி தௌண்டியால் உயிரிழந்தபோது, அவருக்கும் நிகிதா கௌலுக்கும் திருமணமாகி ஓராண்டுகூட நிறைவடையவில்லை. தனியார் நிறுவனப் பணியைத் துறந்த நிகிதா, 2021 மே 29-ஆம் தேதி அதிகாரியானார். கணவர் கடந்து வந்த அதே பயணத்தைத் தாமும் அனுபவித்ததாக அன்று அவர் குறிப்பிட்டார். அதே ஆண்டு நவம்பரில் அதிகாரியான ஜோதி நைன்வாலின் குழந்தைகள் இருவரும், தாயின் விழாவுக்கு ராணுவ உடையிலேயே வந்திருந்தனர்.

கல்வான் மோதலில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தபோது உயிர்நீத்த நாயக் தீபக் சிங், மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது பெற்றார். அவரது மனைவி ரேகா சிங் ஆசிரியையாக இருந்தவர். 2023 ஏப்ரலில் பயிற்சி முடித்த அவர், கிழக்கு லடாக்கில் பணியமர்த்தப்பட்டார். கணவர் உயிரிழந்ததும் அதே நிலப்பரப்பில்தான்.

பட்டப்படிப்பு இல்லாதவர்களுக்கு

மேற்கண்ட இடங்கள் யாவும் பட்டதாரிகளுக்கானவை. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ராணுவக் காவல் படையின் பெண்கள் பிரிவு உள்ளது. இதன் பயிற்சி மையம் பெங்களூரிலேயே இயங்குகிறது. முதல் அணியின் 83 பெண்கள் 61 வாரப் பயிற்சி முடித்து 2021 மே 8-ஆம் தேதி உறுதிமொழி ஏற்றனர். இப்பிரிவுக்கான ஆள்சேர்ப்பிலும் உயிரிழந்த வீரர்களின் மனைவியருக்கு வயது வரம்புச் சலுகை அளிக்கப்பட்டது.

அதிகாரியாகத் தேர்வாகும் பெண்ணின் தொடக்கப் பணிக்காலம் 10 ஆண்டுகள். மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். 2020 பிப்ரவரி 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், நிரந்தரப் பணிக்கும் பெண் அதிகாரிகள் பரிசீலிக்கப்படுகின்றனர்.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்கும் பயிற்சிகளுக்கான அறிவிக்கைகள் சில மாதங்களுக்கு முன்பே ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வெளியாகும். கணவர் பணியில் இருக்கும்போது உயிரிழந்ததற்கான ஆவணங்களை முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது. தமிழகத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களையும், கர்நாடகத்தில் சைனிக் நலத் துறை அலுவலகங்களையும் இதற்காக அணுகலாம்.