மொந்தேகொர்வீனோ யோவான்

மொந்தேகொர்வீனோ யோவான் (சுமார் 1247 – சுமார் 1328) இத்தாலி நாட்டுப் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. சீனாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் பேராயர். சீனா செல்லும் வழியில் இவர் இந்தியாவில், புனித தோமையார் கோயில் அமைந்திருந்த நாட்டில், 13 மாதங்கள் தங்கினார். அக்கோயில் மயிலாப்பூரில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. போர்த்துக்கீசியர் வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் இருந்த கிறித்தவத்தை அறிய இவருடைய கடிதங்கள் உதவுகின்றன.

பயணம்

யோவான் தென் இத்தாலியிலுள்ள மொந்தேகொர்வீனோ என்னும் ஊரில் பிறந்தார். 1289இல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ், பாரசீகத்தை ஆண்ட அர்கூன், சீனாவை ஆண்ட குப்லாய் கான் முதலிய மங்கோலிய மன்னர்களுக்குக் கடிதங்கள் கொடுத்து இவரை அனுப்பினார். 1291இல் பாரசீக நகரமான தப்ரீஸிலிருந்து புறப்பட்டார். மங்கோலிய இளவரசர்களிடையே நடந்த போர்களால் தரைவழி ஆபத்தாக இருந்தது. எனவே கடல்வழியாக இந்தியாவுக்கு வந்தார். பிஸ்தோயா நகர நிக்கோலாஸ் என்னும் தொமினிக்கன் துறவியும், லுக்கலோங்கோவைச் சேர்ந்த பேதுரு என்னும் வணிகரும் உடன் வந்தனர்.

தமிழ்க் கரையில்

அப்போது இப்பகுதி முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியில் இருந்தது. அரபு வணிகர்கள் இக்கரையை மாபார் என்றனர். ஏறத்தாழ இதே காலத்தில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோவும், தோமையாரின் உடல் மாபாரில் ஒரு சிற்றூரில் இருப்பதாகக் குறித்துள்ளார்.

யோவான் இங்குப் பல ஊர்களில் சுமார் 100 பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். நிக்கோலாஸ் இங்கேயே இறந்து, தோமையார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாபாரிலிருந்து யோவான் அனுப்பிய கடிதம் இங்குள்ள வெப்பம், அரிசி உணவு, மாட்டுக்குத் தரப்படும் மதிப்பு, பிணத்தை எரிக்கும் வழக்கம் ஆகியவற்றை விவரிக்கிறது. ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு திசையிலும் மறுபகுதியில் எதிர்த்திசையிலும் காற்று வீசுவதால், ஒரு திசையில் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் கப்பல் செல்ல முடியும் என்றும் எழுதினார். மக்களின் உடலமைப்பைப் புகழ்ந்த அவரே, அவர்கள் கையால் உண்பதை இழிவாகக் குறித்தார். அயலார் குறிப்புகளைப் படிக்கும்போது இத்தகைய சார்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீனாவில்

யோவான் தலைநகர் கான்பாலிக்கை (இன்றைய பெய்ஜிங்) அடைந்தபோது குப்லாய் கான் இறந்திருந்தார். அவருடைய பேரன் தெமூர் கான் ஆட்சியில் இருந்தார். அங்குச் செல்வாக்குடன் இருந்த நெஸ்தோரியக் கிறித்தவர்கள் இவரை எதிர்த்தனர். உண்மையான தூதரை இந்தியாவில் கொன்று, அவர் கொண்டுவந்த செல்வத்தைக் கவர்ந்தவர் இவரே என்று குற்றம் சாட்டினர். சுமார் 5 ஆண்டுகள் நீடித்த அப்பழி, அவர்களில் ஒருவர் உண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே நீங்கியது.

1299இல் அந்நகரில் ஒரு கோயில் கட்டினார். 40 சிறுவர்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் தார்த்தாரிய மொழியில் பெயர்த்தார். 1305இல் எழுதிய கடிதத்தில், தமக்கு வயது 58தான் என்றாலும் உழைப்பாலும் துன்பத்தாலும் தலை நரைத்துவிட்டது என்கிறார்.

1307இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் இவரைப் பேராயராக நியமித்து, திருநிலைப்படுத்த 7 ஆயர்களை அனுப்பினார். மூவரே சீனா சேர்ந்தனர். வேறு மூவர் இந்தியாவிலேயே இறந்தனர். யோவான் சுமார் 1328இல் கான்பாலிக்கில் காலமானார். 1368இல் மங்கோலிய ஆட்சி வீழ்ந்த பின் அவர் நிறுவிய திருச்சபையும் மறைந்தது.

சான்றின் எல்லை

1305ஆம் ஆண்டுக் கடிதம் தோமையார் கோயிலைச் சொல்கிறதே தவிர, மயிலாப்பூர் என்ற பெயரையோ திருத்தூதரின் கல்லறையையோ சொல்லவில்லை. மார்க்கோ போலோவின் குறிப்பையும் உள்ளூர் மரபையும் சேர்த்துப் பார்த்தே மயிலாப்பூர் எனக் கொள்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் தோமையார் பெயரில் ஒரு கோயில் இருந்தது என்பதற்கு இக்கடிதம் சான்றாகும். முதல் நூற்றாண்டில் தோமையார் இங்கு வந்தார் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட இயலாது. அது மரபுவழி வந்த நம்பிக்கை. இன்று சாந்தோமில் காணும் பேராலயம் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. நிக்கோலாஸ் அடக்கம் செய்யப்பட்ட கோயில் இதற்கு மிகவும் முற்பட்டது.