நோயை மறைக்கும் பறவைகள்

"நேற்று மாலைவரை நன்றாகத்தான் இருந்தது; காலையில் கூண்டின் அடியில் இறந்து கிடந்தது!" பறவை வளர்ப்போர் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அப்பறவை பல நாள்களாகவே நோயுற்றிருந்திருக்கக்கூடும். அதை அது மறைத்துவிட்டது!

ஏன் மறைக்கிறது? காட்டிலே தளர்ந்த பறவை வல்லூறுக்கு எளிதில் இரையாகிவிடும். ஆகவே தளர்ச்சியை வெளிக்காட்டாதிருப்பது பறவைகளின் இயல்பாயிற்று. கூண்டிலும் அவ்வியல்பு மாறுவதில்லை.

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் கிளி. அதன் எடை 30 முதல் 40 கிராம். உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சிறிய உடலிலிருந்து வெப்பம் விரைவில் வெளியேறும். அதை ஈடுகட்டப் பறவை அடிக்கடி தின்றாக வேண்டும். தீனி குறைந்தால் இறகுகளை உப்பிக்கொள்கிறது. இறகுகளுக்கிடையே சிக்கும் காற்று, நாம் போர்த்திக்கொள்ளும் கம்பளிபோல் வெப்பத்தைக் காக்கிறது. பகல் முழுவதும் பந்துபோல் உப்பி உட்கார்ந்திருக்கும் பறவை நோயுற்றிருக்கிறது என்று ஐயுறுங்கள்.

மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவதும், எச்சத்தின் நிறமோ தன்மையோ மாறுவதும் பிற அறிகுறிகள். தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம். ஊதிப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 40 கிராம் 36 ஆகக் குறைந்தால், அது 40 கிலோ எடையுள்ள மாணவர் 4 கிலோ இளைத்ததற்குச் சமம்!

நோயுற்ற பறவையை உடனே தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள். கூண்டின் ஒரு பக்கத்தை மட்டும் மின்விளக்கால் சுமார் 30 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்குங்கள். சூடு மிகுந்தால் பறவை மறுபக்கம் நகர இடம் வேண்டும். தீனியும் நீரும் எட்டும் தொலைவில் இருக்கட்டும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கிய பறவையை 30 நாள்களாவது தனியே வைத்திருந்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

உங்கள் நலனையும் மறவாதீர்கள். 1929-30ஆம் ஆண்டுகளில், விற்பனைக்கு வந்த கிளிகளிடமிருந்து 'சிட்டகோசிஸ்' என்னும் காய்ச்சல் பல நாட்டு மக்களுக்குப் பரவியது. உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக இந்நோய்க் கிருமி நம் மூச்சில் கலக்கலாம். எனவே எச்சத்தை நனைத்த பிறகே துடையுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்ச்சலும் இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பறவை தன் நோயைச் சொல்லாது. நலமாக இருக்கும்போது அதன் எடை, தீனி, எச்சம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மாற்றம் தெரிந்த அன்றே விழித்துக்கொள்ளலாம்!