பல் அகற்றிய பின் இம்பிளாண்ட்: எப்போது காத்திருக்க வேண்டும்?

தாடை எலும்பினுள் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதே இம்பிளாண்ட் சிகிச்சையாகும். பல் அகற்றிய எத்தனை நாள்களின் பின் திருகைப் பதிப்பது என்பதை உங்கள் பல் மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய இக்குறிப்பு உதவும்.

வழக்கமான காலங்கள்

• பல் அகற்றிய அன்றே
• 4 முதல் 8 வாரங்களில், ஈறு ஆறிய பின்
• 12 முதல் 16 வாரங்களில், எலும்பு ஓரளவு வளர்ந்த பின்
• 6 மாதங்களின் பின், எலும்பு நன்கு ஆறிய பின்

தாமதிப்பதற்கான காரணங்கள்

பல் இருந்த குழியில் சீழ் இருத்தல், குழியின் வெளிச்சுவர் எலும்பு சிதைந்திருத்தல், திருகு அசையாமல் நிற்கப் போதிய எலும்பு இல்லாமை ஆகியன முக்கியமானவை. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் புகைபிடித்தலும் புண் ஆறுவதைத் தடுக்கும். முதலில் அவற்றைச் சீர்செய்வது நன்று. வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமிருப்பின் அதனையும் மறைக்காது கூறுங்கள்.

எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியோ பெறுபவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் பல்லை அகற்றுவதற்கு முன்னரே அதனைத் தெரிவிக்க வேண்டும். தாடை எலும்பு ஆறாது போகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. எனினும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. குறித்த காலத்தில் அவ்வூசியைப் பெறத் தவறினால் முதுகெலும்பு முறிவு ஏற்படக்கூடும்.

காத்திருப்பதிலும் இழப்பு உண்டு

பல் போன இடத்தில் எலும்பு சுருங்கும். ஓராண்டில் அதன் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறையலாம். பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே குறைகிறது. எனவே, "பிறகு பார்க்கலாம்" என்று நாள் குறிக்காமல் விட்டுவிட்டால், பின்னர் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் அதற்கான செலவும் சேரக்கூடும். தாமதத்துக்கு ஒரு காரணமும் ஒரு திகதியும் இருத்தல் வேண்டும்.

உங்கள் உரிமை

சிகிச்சையிலுள்ள ஆபத்துகளில் நோயாளி முக்கியமெனக் கருதக்கூடியவற்றை முன்கூட்டியே எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல், ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுமுன் பின்வருவனவற்றைத் தயங்காது கேளுங்கள்:

• இன்றே பதிப்பதற்கோ காத்திருப்பதற்கோ காரணம் என்ன?
• காத்திருந்தால் எலும்பு ஒட்டு தேவைப்படுமா?
• இடைக்காலத்தில் தற்காலிகப் பல் கிடைக்குமா?
• மொத்தச் செலவை எழுத்தில் தருவீர்களா?
• இம்பிளாண்டுக்குப் பதிலாகப் பிரிட்ஜ் அல்லது கழற்றி மாட்டும் பல் பொருந்துமா?

செலவும் மொழி உதவியும்

இம்பிளாண்ட் சிகிச்சைக்கு மெடிகேர் பொதுவாகப் பணம் வழங்குவதில்லை. தனியார் காப்புறுதியில் பெரிய பல் சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு; பல்லை அகற்றுமுன் இதனை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனில் 131 450 என்னும் எண்ணை அழையுங்கள். கட்டணம் உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மருத்துவ விளக்கங்களை மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மீது சுமத்த வேண்டாம்.

பல் அகற்றிய பின் வலியோ வீக்கமோ அதிகரித்தால் பல் மருத்துவரை உடனே நாடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாயின் 000ஐ அழையுங்கள்.