கடற்பசுவும் கடல் நீந்திய களிறும்

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற அந்தமான் தலைநகரிலிருந்து கப்பலேறி வடகிழக்கே சென்றால் ஹேவ்லாக் தீவை அடையலாம். 2018ஆம் ஆண்டின் இறுதியில் அரசினர் இத்தீவுக்கு ஸ்வராஜ் த்வீபம் என்று பெயர் சூட்டினர். ஆயினும் மக்கள் நாவில் பழம்பெயரும் இன்னும் வழங்கி வருகிறது. வெண்மணற் கரையையும் பவளப் பாறைகளையும் காண வருவோர் மிகப் பலர். நாம் இங்குக் கூற விரும்புவது அக்காட்சிகளைப் பற்றியன்று. இத்தீவோடு தொடர்புடைய இரண்டு விலங்குகளைப் பற்றியே யாகும்.

முதலாவது, ராஜன் என்ற களிறு. மரம் இழுக்கும் பணிக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகளுள் அதுவும் ஒன்று. தீவுக்குத் தீவு கடலை நீந்திக் கடக்க அந்த யானைகள் பழக்கப்பட்டிருந்தன. மரம் வெட்டும் தொழில் ஒடுங்கிய பின்னர் ராஜன் ஹேவ்லாக்கிலேயே தங்கி, கடல் நீந்தும் யானை என்று உலகோர் வியக்க வாழ்ந்து, 2016ஆம் ஆண்டில் மறைந்தது. இரண்டாவது, அத்தீவைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசு. பாக் நீரிணைப் பகுதியின் தமிழ் மீனவர் இதனை ஆவுளியா என்பர். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில விலங்கு என்னும் சிறப்பும் இதற்கு உண்டு.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்று சொன்னால் கேட்போர் நகைக்கக்கூடும். ஒன்று நான்கு தூண் போன்ற கால்களில் நிற்பது. மற்றொன்று காலே இல்லாமல் மீனைப்போல் வாலடித்துச் செல்வது. ஆயினும் உற்று நோக்கினால் ஒற்றுமை புலப்படும். இரண்டும் புல்லும் தழையும் உண்பவை. பெண் விலங்குக்குப் பால் மடி பின்புறத்தில் இல்லாமல் முன் உறுப்புகளின் அருகே இருக்கிறது. முதிர்ந்த ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தமும் உண்டு. உடற்கூற்று அறிஞர்கள் முன்னரே ஊகித்த இவ்வுறவை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது மரபணு ஆராய்ச்சியே யாகும்.

மரபணு ஆராய்ச்சி என்பது யாது? உயிரின் ஒவ்வோர் அணுவறையிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உள்ளது. அதில் நான்கே எழுத்துகளால் அவ்வுயிரின் உடலமைப்புக்குரிய குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வெழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. இந்த முழு ஏட்டையே மரபணுத் தொகுதி என்கிறோம்.

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிய நம் முன்னோரின் வழக்கத்தை நினைவுகூர்ந்தால் இதன் பயன் எளிதில் விளங்கும். ஒரு நூலைப் பலர் படியெடுக்கும்போது ஆங்காங்கே எழுத்துப் பிழை நேரும். ஒரே பிழையைக் கொண்ட இரு சுவடிகள் ஒரே மூலச் சுவடியிலிருந்து பிறந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வர். நாள்தோறும் எழுத்தைப் பெயர்த்தெழுதும் தொழிலில் உள்ள நமக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். தலைமுறை தலைமுறையாக டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போதும் இவ்வாறே சிறு மாற்றங்கள் நேர்கின்றன. அம்மாற்றங்களை ஒப்பிட்டு, எவ்வுயிர் எவ்வுயிருக்கு உறவு, எக்கூட்டம் எப்போது பிரிந்தது என்று அறிகின்றனர்.

1990களின் பிற்பகுதியில் இம்முறையைப் பின்பற்றிய அறிஞர்கள் வியப்பான முடிவு ஒன்றைக் கண்டனர். யானை, கடற்பசு, பாறைகளில் வாழும் ஹைராக்ஸ், எறும்பும் கறையானும் தின்னும் ஆர்ட்வார்க், யானை மூஞ்சூறு, பொன் அகழெலி ஆகிய யாவும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகள் என்பதே அது. இதற்கு ஆப்ரோதீரியா என்று பெயரிட்டனர். ஆகவே ஹேவ்லாக் கடலில் நீந்திய களிறும் அதன் கீழே புல் மேய்ந்த கடற்பசுவும், 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆப்பிரிக்க மண்ணில் வாழ்ந்த ஒரு மூதாதையின் வழிவந்தவை.

இவ்வறிவு வெறும் வியப்புக்காக மட்டுமா? இல்லை. அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் காப்பதற்கு இது எவ்வாறு உதவுகிறது என்பதை ஆப்பிரிக்காவே காட்டியுள்ளது.

ஆப்பிரிக்க யானை ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2001ஆம் ஆண்டிலும் பின்னரும் வெளியான மரபணு ஆய்வுகள், புல்வெளி யானை வேறு, அடர்காட்டு யானை வேறு என்று காட்டின. இது பெயர் மாற்றம் மட்டுமன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணியபோது, புல்வெளி யானைகளின் தொகை அடர்காட்டு யானைகளின் வீழ்ச்சியை மறைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டையும் தனித்தனியே கணித்தது. அடர்காட்டு யானை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று.

களவுபோன தந்தத்தின் பிறப்பிடத்தையும் மரபணு சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் யானைச் சாணத்தைச் சேகரித்தனர். சாணத்தின் மேற்பரப்பில் குடலிலிருந்து உதிர்ந்த அணுவறைகள் ஒட்டியிருக்கும். விலங்கைத் தொடாமலே அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். இவ்வாறு அவர்கள் ஒரு மரபணு வரைபடம் அமைத்து, துறைமுகங்களில் பிடிபட்ட தந்தத்தை அதனோடு ஒப்பிட்டனர். அண்மைக் காலத்துப் பெருங்களவுகளில் பெரும்பகுதி இரண்டே வட்டாரங்களில் நடந்தது என்று 2015ஆம் ஆண்டில் அவர்கள் தெரிவித்தனர். ஒன்று, தான்சானியாவும் அதன் அண்டைப் பகுதியும். மற்றொன்று, காபோன், காங்கோ, கேமரூன் எல்லைகள் கூடும் காடுகள். காவலை எங்கு மிகுதிப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு இதனால் விடை கிடைத்தது.

ஆப்பிரிக்கச் சிறுத்தையின் கதை வேறு வகையான எச்சரிக்கை. சீட்டா எனப்படும் அவ்விலங்கில், உறவற்ற ஒன்றின் தோலை மற்றொன்றுக்கு ஒட்டவைத்தாலும் உடல் அதனை விரைவில் தள்ளவில்லை என்று 1985ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கண்டது. யாவும் உடன்பிறந்தவை போல ஒத்திருந்தன. இவ்வாறு வேறுபாடு குன்றிய கூட்டத்தில் கொடிய நோய் ஒன்று புகுந்தால், அதனை எதிர்த்துப் பிழைக்கச் சிலவாவது எஞ்சும் என்ற உறுதி இல்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் நமீபியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் சீட்டாக்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவந்த நம் நாட்டினர்க்கும் இப்பாடம் அயலாருடையதன்று.

நம் யானைகளுக்கும் இம்முறை பயன்பட்டுள்ளது. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தையும் இந்திய அறிவியல் கழகத்தையும் சேர்ந்தோர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்திய யானைகளில் ஐந்து தனிக் கூட்டங்கள் உள்ளன என்கிறது. அவற்றுள் மூன்று தெற்கே உள்ளவை. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அவற்றைப் பிரிக்கின்றன. செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள சிறு கூட்டத்தில்தான் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. அங்கு ஒரு யானையை இழப்பது வேறிடத்தில் ஒன்றை இழப்பதினும் பெரிய இழப்பாகும்.

இனிக் கடற்பசுவுக்கு வருவோம். இந்தியாவில் இது கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும், அந்தமான் நிக்கோபார் கடல் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே உள்ளது. எல்லாம் சேர்ந்து சில நூறு என்றே மதிப்பிடுகின்றனர். இது ஒரு வருடத்துக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும்; அடுத்த கன்றுக்கு மூன்று ஆண்டு முதல் ஏழாண்டு வரை ஆகும். ஆகையால் வலையில் சிக்கி ஆண்டுதோறும் சிலவே மடிந்தாலும் கூட்டம் தேறாது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக் கடற்பசுக்கள் மிக அபாயமான நிலையில் உள்ளன என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதை நாம் மறத்தலாகாது.

கடலுக்குள் மறைந்து வாழும் இவ்விலங்கை எண்ணுவதே அரிது; அதன் குலமுறையை அறிவது அதனினும் அரிது. எனவே கரை ஒதுங்கிய உடல்களிலிருந்து தசைத் துண்டு எடுத்து ஆராய்கின்றனர். 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளைக் கொண்டே இந்தியப் பெருங்கடல் கடற்பசுக்களின் கிளைகளை வகுத்தது. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் தாய்வழியே மட்டும் இறங்கும் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, இந்தியக் கடற்பசுக்கள் தனிச்சிறப்புடைய கிளையைச் சேர்ந்தவை என்று 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதன் பொருள் தெளிவு. ஆஸ்திரேலியக் கடலில் கடற்பசுக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது நமக்கு ஆறுதலாகாது. இங்குள்ளவை அழிந்தால் அவ்விழப்பை அவை ஈடுசெய்யா.

ஆனால் மரபணு நூலால் ஆகாதவையும் உண்டு. அது உறவைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லும், களவைக் காட்டிக்கொடுக்கும். கடற்புல்லை அது வளர்க்காது, வலையையும் அறுக்காது. அதற்குக் கரையில் வாழும் மக்களின் துணை வேண்டும். தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்க்குப் பரிசும் பாராட்டும் அளிக்கப்படுகின்றன. கிழிந்த வலையின் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு விலங்கைக் கடலில் விட்ட மீனவர் செய்த தொண்டு, ஆய்வுக்கூடத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தறியும் விஞ்ஞானியின் தொண்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஹேவ்லாக் கரையில் நீந்திய களிறு இன்று இல்லை. அதன் தூரத்து உறவாகிய கடற்பசு இன்னும் அக்கடலில் மேய்கிறது. அடுத்த தலைமுறையினர் அதனை ஏட்டில் மட்டுமே காணும் நிலை வாராமல் காப்பது நம் அனைவருடைய கடமையாகும்.