மரம் ஏறும் நாற்காலி

பிரம்பு என்றதும் நம்மில் பலருக்கு உள்ளங்கை கூசும். வாத்தியார் கையில் இருந்தவரை அதன் தாவரவியலைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமிருந்ததில்லை. மூங்கிலில் ஒரு வகைதான் அது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. மூங்கில் புல் இனம், தண்டுக்குள் வெற்றிடம். பிரம்போ பனை, தென்னையின் உறவு. தண்டு முழுக்கக் கெட்டி. அதனால்தான் வில்லாக வளைத்தாலும் அது மூங்கிலைப் போல நசுங்கிப் பிளப்பதில்லை.

ஆனால் பனை மாதிரி அதற்குச் சொந்தக் காலில் நிற்கத் தெரியாது. ஓலை நுனியிலிருந்தோ தண்டின் கணுவிலிருந்தோ நீளமான சாட்டை ஒன்றை நீட்டும். சாட்டை முழுக்கக் கொக்கி முட்கள். பக்கத்து மரத்தில் அதை மாட்டிக்கொண்டு வெளிச்சம் தேடி மேலே போகும். சில இனங்கள் 100 மீட்டரையும் தாண்டும். பனைக் குடும்பத்தின் தண்டு ஆண்டுக்காண்டு பருப்பதில்லை என்பதால், அடியிலிருந்து நுனிவரை பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்காலி செய்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? செதுக்க வேண்டாம், இழைக்க வேண்டாம். அளந்து வெட்டினால் போதும்.

வெட்டுவதுதான் பாடு. அடியில் அறுத்துவிட்டு, மரக்கிளைகளில் சிக்கிய கொடியைப் பலர் சேர்ந்து இழுக்க வேண்டும். முள் மடல் உரிந்து தலைமேல் விழும். பச்சைப் பிரம்பில் நீரும் மாவுச்சத்தும் இருப்பதால் பூஞ்சையும் வண்டும் உடனே வந்துவிடும். தடித்த பிரம்பைச் சூடான எண்ணெயில், பெரும்பாலும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ, வேகவைத்து வெயிலில் காயப்போடுவது தென்கிழக்கு ஆசிய வழக்கம். ‘முழுக்க முழுக்க இயற்கை’ என்று விற்கும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

காய்ந்த பிரம்பை நீராவியிலோ தீச்சுவாலையிலோ காட்டினால் இளகும். வளைத்துக் கட்டி ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். மேல்தோலை நாராகச் சீவினால் இருக்கை பின்னலாம். அந்தத் தோலில் சிலிக்கா கலந்திருப்பதால்தான் அவ்வளவு மினுமினுப்பு, அவ்வளவு உறுதி. தோல் போன நடுத்தண்டும் வீணாவதில்லை. கூடைக்கும் சாய்மானத்துக்கும் அதுதான்.

வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, வளைத்த பீச் மரமும் பிரம்புப் பின்னலும் சேர்ந்தது. 1930-க்குள் அது சுமார் 5 கோடி விற்றதாகச் சொல்வார்கள். பியர் ழான்னரே சண்டிகருக்காக 1950-களில் வடிவமைத்த தேக்கு நாற்காலிகளிலும் பிரம்புதான். அரசு அலுவலகங்கள் பழைய சாமானாகக் கழித்துக்கட்டிய அவை இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகின்றன! அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில், கொள்ளிடம் தாண்டி, தைக்கால் இருக்கிறது. ஊஞ்சல், தொட்டில், பாய், நாற்காலி என்று ஊரே பிரம்பு வேலைக்குப் பேர்போனது.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கூட்டமாக முளைக்கும் இனங்களை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். போர்னியோவின் களிமந்தானில் தாயக் மக்கள் தோட்டம் போட்டு வளர்ப்பது அத்தகைய இனத்தைத்தான். ஏறுவதற்கு மரம் வேண்டும் என்பதால் அங்கே மரங்களும் நிற்கின்றன. மரத்தையே வெட்டியாக வேண்டிய தேக்குத் தோப்பு தர முடியாத நன்மை இது. ஆனால் பருமனான சட்டங்களுக்குப் பெயர்பெற்ற மானாவ் பிரம்பு ஒற்றைத் தண்டு இனம். வெட்டினால் செத்தது, விதையிலிருந்துதான் அடுத்தது வர வேண்டும். அதைக் காட்டிலிருந்து கண்மூடித்தனமாக அறுப்பது, புலால் கடைக்கு முட்டைக்கோழியை விற்பதுதான்.

பிரம்பு போலவே தெரியும் பாலிஎத்திலீன் பின்னல் இப்போது எங்கும் மலிந்துவிட்டது. மழையில் கிடந்தாலும் தாங்கும் என்பது ஒன்றே அதன் பெருமை. இற்றுப்போனால் குப்பைமேடுதான், மட்கவும் செய்யாது. வாங்கும்போது பின்னல் முனையைப் பாருங்கள்: உண்மைப் பிரம்பில் நார் தெரியும், நிறத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். வீட்டிலிருக்கும் பழைய நாற்காலியின் பின்னல் தொய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவிழ்த்துவைத்து அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, யாரும் உட்காராமல் முழுக்கக் காயவிடுங்கள். நார் அறுந்திருக்காவிட்டால் பெரும்பாலும் மறுபடி இறுகிவிடும்.