கணினி ஏஜென்ட்டின் ஓட்டச் செலவு

வாட்ஸ்ஆப்பில் வரும் ஆர்டரைப் படித்து பில் போடவும், பாக்கிக்காரர்களுக்கு நினைவூட்டல் அனுப்பவும் ஏ.ஐ. ஏஜென்ட் வைக்கலாம் என்று விற்க வருகிறவர்கள் மாதச் சந்தாவைச் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது ஓட்டச் செலவை.

இதற்குக் கூலி டோக்கன் கணக்கில். டோக்கன் என்பது சொல்லின் ஒரு துண்டு. நாம் அனுப்புவதற்கு ஒரு விலை. அது எழுதித் தருவதற்குப் பெரும்பாலும் அதைப்போல் சில மடங்கு. தமிழுக்குத் துண்டு கூடுதலாக விழும். 2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில், ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆகவே எந்த மாடல் என்று கேட்டே பேசவும்.

பணம் ஒழுகும் இடம் வேறு. மாடலுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு படியிலும் முதலிலிருந்து நடந்த அனைத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரி எழுதும் முன்பும் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பதுபோல. படிக்கு 1,000 டோக்கன் சேர்கிறதென்று வைத்துக்கொள்வோம். 10 படியில் முடிந்தால் மொத்தம் 55,000. 20 படி போனால் 2,10,000. வேலை இரட்டிப்பு, கூலியோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு! வாடிக்கையாளர் 'பொன்னி' என்று எழுத, நம் பட்டியலில் வேறு பெயர் இருந்தால், அது மாற்றி மாற்றித் தேடிக்கொண்டே இருக்கக்கூடும். அத்தனைக்கும் மீட்டர் ஓடும்.

எனவே ஓர் ஆர்டருக்கு இத்தனை படிதான், மீறினால் கடைப் பையனிடம் விட்டுவிடு என்று வரம்பு போடச் சொல்லவும். மாதச் செலவுக்கும் உச்சவரம்பு வைக்கவும். முன்பணம் கட்டியிருந்தால் தானாக ரீசார்ஜ் ஆவதை நிறுத்தி வைப்பது உத்தமம். கூட்டல் பெருக்கலை பில்லிங் சாப்ட்வேரே செய்யட்டும். அதற்கு டோக்கன் செலவில்லை.

முழு விலைப்பட்டியலையும் அனுப்பியே தீர வேண்டுமென்றால் மாறாத பகுதியை முன்னால் வைக்கவும். திரும்ப வரும் பகுதிக்குப் பல நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன. ஆந்த்ராபிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் இதை அறிமுகம் செய்தபோது, மறுபடி படிக்க வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குதான். அன்றாடம் விலை மாறும் பருப்பு, எண்ணெயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னால் ஒன்று மாறினாலும் அதற்குப் பின்னுள்ளதற்கெல்லாம் சலுகை போய்விடும். பாக்கிப் பட்டியல் போன்ற அவசரமில்லாத வேலையைத் தொகுப்பாக அனுப்பினால் பாதி விலைக்கு முடித்துத் தருபவர்களும் உண்டு.

மாதக் கடைசியில் மொத்தக் கட்டணத்தை பில்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 500 ரூபாய் பில்லில் நமக்கு நிற்பது 15 ரூபாய் என்றால், அதில் ஏஜென்ட் எடுப்பது 50 காசா, 5 ரூபாயா என்பது அப்போது தெரிந்துவிடும்.